பகலில் ஊமை, இரவில் வாயாடி: மலையகத்தில் மத்திய அலை கேட்க ஒரு முழுமையான வழிகாட்டி

பொகவந்தலாவை, மஸ்கெலியா, லிந்துலைப் பக்கம் எங்காவது ஒரு பள்ளத்துத் தோட்டத்தில் மதியம் பன்னிரண்டு மணிக்குப் பழைய ரேடியோவை மத்திய அலையில் (பெட்டியில் MW அல்லது AM என்றிருக்கும்) வைத்துத் திருகிப் பாருங்கள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை சோளம் பொரிகிற சத்தம்தான் வரும். அதே ரேடியோவை அதே ஜன்னலில் இரவு எட்டு மணிக்குத் திருகினால் தமிழ், மலையாளம், தெலுங்கு, ஹிந்தி என்று நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு பேசும். இடையில் என்ன நடந்தது என்பதைக் காதால் கேட்டு, கொப்பியில் எழுதி, நீங்களே கண்டுபிடிப்பதற்கான வழி இது. செலவு அதிகமில்லை. வேண்டியது பொறுமையும் ஓர் இரவுத் தூக்கமும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளி வைப்போம். "மோடம் (மேகமூட்டம்) போட்டிருக்கு, ரேடியோ எடுக்காது" என்று எங்கள் லயத்தில் பெரியவர்கள் சொல்வார்கள். கூரையில் இருக்கும் டிஷ் அன்டனாவுக்கு அது உண்மை. பெருமழை பெய்தால் படம் உறைந்துவிடும். மத்திய அலைக்கு மழையும் பனிமூட்டமும் ஒரு பொருட்டே இல்லை. 936 கிலோஹேர்ட்ஸில் வரும் அலையின் நீளம் ஏறக்குறைய 320 மீற்றர். மழைத்துளி அதன் கண்ணில் படுவதே இல்லை. இந்த அலைகளின் விதி மேகத்துக்கு வெகு உயரத்தில் எழுதப்படுகிறது.

படி 1: ரேடியோவைத் தேர்ந்தெடுங்கள்

கைத்தொலைபேசியில் பண்பலை மட்டும்தான் இருக்கும், இதற்கு உதவாது. மத்திய அலை உள்ள, பற்றரியில் ஓடும் சிறு ரேடியோ வேண்டும். தாத்தா காலத்துப் பெட்டி பரணில் கிடந்தால் இன்னும் நல்லது, அதற்குள் பெரிய ஃபெரைட் கம்பி இருக்கும். ஃபெரைட் என்பது பென்சில் போன்ற கறுப்புக் கம்பி. அதன்மேல் மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றியிருப்பார்கள். மத்திய அலைக்கு அதுதான் ஏரியல். வெளியே இழுக்கும் நீட்டுக் கம்பியை எவ்வளவு உயர்த்தினாலும் இங்கே பலனில்லை.

எண் காட்டும் ரேடியோவாக இருந்தால் தாவும் அளவை 9 கிலோஹேர்ட்ஸில் வையுங்கள். ஆசியாவில் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹேர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. எந்த நிலையத்தின் எண்ணை எடுத்தாலும் இலக்கங்களின் கூட்டுத்தொகை 9இன் மடங்காக வரும். 936: ஒன்பதும் மூன்றும் ஆறும் பதினெட்டு. முள் காட்டும் பழைய ரேடியோவில் எண்ணை ஊகிக்கும்போது இது கைகொடுக்கும்.

படி 2: வீட்டு இரைச்சலை விரட்டுங்கள்

இதைச் செய்யாமல் அயன மண்டலத்தை, அதாவது மேல்வானத்தில் வானொலி அலையைத் தின்றும் திருப்பியும் விளையாடும் மின் படைகளை, குறை சொல்லாதீர்கள். மலிவான எல்.ஈ.டி. பல்ப், போன் சார்ஜர், தொலைக்காட்சிப் பெட்டி எல்லாம் மத்திய அலையில் கரகரவென்று இரையும். பற்றரி ரேடியோவை ஓட விட்டுவிட்டு மெயின் சுவிட்சை ஒரு நிமிடம் அணைத்துப் பாருங்கள். இரைச்சல் சட்டென்று விழுந்தால் குற்றவாளி வீட்டுக்குள்ளே. அணைத்த பிறகும் மாறவில்லையென்றால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஐம்பது மீற்றர் நடந்து போய்க் கேளுங்கள். மின்கம்பிக்குக் கீழே மட்டும் நிற்க வேண்டாம்.

படி 3: பகல் பட்டியல்

நண்பகல் 12 முதல் 1 வரை முழு அலைவரிசையையும் ஒரு தடவை மெதுவாகத் திருகுங்கள். கேட்கும் ஒவ்வொன்றுக்கும் அதிர்வெண், மொழி, 0 முதல் 5 வரை ஒரு பலம் என்று கொப்பியில் எழுதுங்கள். பலம் 1 என்றால் ஏதோ குரல் இருக்கிறது. 5 என்றால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். பள்ளத்துத் தோட்டங்களில் இந்தப் பட்டியல் சில வரிகளோடு முடிந்துவிடும். அது உங்கள் தவறல்ல.

பகலில் மத்திய அலை தரையோடு ஒட்டி வருகிறது. இதைத் தரை அலை என்போம். கடல்நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் கடலின்மேல் அது சுலபமாக ஓடும். தூத்துக்குடி நிலையத்தை (1053 கிலோஹேர்ட்ஸ்) மன்னார், கற்பிட்டிக் கரைக்காரர்கள் பகலில் கேட்பதற்கும் நாம் கேட்க முடியாததற்கும் இடையில் இருப்பது இந்த வித்தியாசம்தான். கரையேறியதும் பாறையும் மேடுபள்ளமும் அலையைத் தின்னத் தொடங்கும். ஹட்டன் வந்து சேரும்போது மிச்சம் கொஞ்சம்.

அப்படியென்றால் வானத்துக்குப் போன அலை எங்கே? அதைத் தின்றது வேறொருவர்.

கொஞ்சம் மேலே பார்ப்போம்

தரையிலிருந்து சுமார் 60 முதல் 90 கிலோமீற்றர் உயரத்தில் அயன மண்டலத்தின் அடித்தட்டான டி படை இருக்கிறது. சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் அங்கே காற்று மூலக்கூறுகளிலிருந்து இலத்திரன்களைப் பிய்த்தெடுக்கின்றன. மேலே ஏறும் மத்திய அலை அந்த இலத்திரன்களை ஆட்டிவைக்கும். ஆனால் அந்த உயரத்தில் காற்று இன்னும் ஓரளவு அடர்த்தி. ஆடும் இலத்திரன் உடனே பக்கத்து மூலக்கூறில் மோதி, அலையிடமிருந்து வாங்கிய சக்தியை வெப்பமாகக் கொட்டிவிடும். அலை அங்கேயே செத்துப்போகிறது. அதிர்வெண் கூடக் கூட இந்த இழப்பு வேகமாகக் குறையும். அதனால்தான் சிற்றலை பகலிலும் தப்பிப் பிழைக்கிறது, மத்திய அலை மாட்டிக்கொள்கிறது.

டி படைக்கு மேலே 90 கிலோமீற்றருக்கு அப்பால் ஈ படை, அதற்கும் மேலே 150 கிலோமீற்றரைத் தாண்டி எஃப் படை. இவை அலையை வளைத்துத் தரைக்குத் திருப்பி அனுப்பும் கண்ணாடிகள். பகலில் கண்ணாடிக்கு முன்னால் டி படை என்ற கறுப்புத் திரை தொங்குகிறது. சூரியன் போனதும் அந்த அடர்ந்த காற்றில் இலத்திரன்கள் நிமிடக் கணக்கில் மறுபடி ஒட்டிக்கொள்ளும், திரை விலகும். மேலே காற்று மெலிது, ஒட்டிக்கொள்ள ஆள் குறைவு. அதனால் எஃப் படை விடியும் வரை தாங்குகிறது. ஈ படையும் மத்திய அலையைத் திருப்பப் போதுமான அளவு மிஞ்சியிருக்கும்.

இந்தப் பகல் இரவுப் பேதத்தை முதலில் தெளிவாகக் கண்டவர் மார்க்கோனி. 1902 பெப்ரவரியில் அட்லாண்டிக்கைக் கடந்த பிலடெல்பியா என்ற கப்பலில் கருவியோடு உட்கார்ந்திருந்தார். பகலில் சுமார் 700 மைலோடு நின்ற சமிக்ஞை இரவில் 1,500 மைலுக்கு மேலும் வாசிக்கக் கிடைத்தது. வானத்தில் மின்னைக் கடத்தும் படை ஒன்று இருக்க வேண்டும் என்று அதே ஆண்டில் கெனலி, ஹெவிசைட் என்ற இரு பொறியியலாளர்கள் தனித்தனியே சொன்னார்கள். கொழும்பில் வானொலி தொடங்கியது 1925 டிசம்பரில். அதற்குச் சரியாக ஒரு வருடம் முன்பு, 1924 டிசம்பரில்தான் இயற்பியலாளர் எட்வர்ட் அப்பிள்டன் அந்தப் படையின் உயரத்தை அளந்து காட்டினார். 1947இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

படி 4: அந்திக் காவல்

வழிகாட்டி முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. தவறு நடப்பதும் இங்கேதான்.

பள்ளத்தில் வாழும் நமக்கு நாலரை மணிக்கே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். அது அஸ்தமனம் அல்ல. கலண்டரில் அச்சிட்டிருக்கும் அஸ்தமன நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் அது வருடம் முழுதும் ஏறக்குறைய 5.45க்கும் 6.35க்கும் இடையிலேயே நிற்கும். ஐரோப்பியரைப் போல் கோடையில் இரவு பத்து மணி வரை காத்திருக்கத் தேவையில்லாதது நமக்குக் கிடைத்த வசதி.

அந்த நேரத்திலும் டி படையின் உயரத்தில் இருள்வதில்லை. 80 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் ஒருவருக்கு அடிவானம் சுமார் 9 பாகை கீழே தெரியும். நமது அகலாங்கில் சூரியன் கிட்டத்தட்ட நேராக இறங்குவதால், பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்கிட்டால் அவருக்குச் சூரியன் மறைய இன்னும் 36 நிமிடம் இருக்கிறது. ஆனாலும் சாய்ந்த வெயிலுக்குப் பலம் குறைவு, திரை முன்கூட்டியே நையத் தொடங்கும். எனவே அஸ்தமனத்துக்கு அரை மணித்தியாலம் முன்பு தொடங்கி, ஒன்றரை மணித்தியாலம் பின்பு வரை உட்காருங்கள்.

மூன்று நிலையங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவற்றின் பலத்தை எழுதுங்கள். தொடக்கத்துக்கு என் தெரிவு: தூத்துக்குடி 1053 (ஹட்டனிலிருந்து சுமார் 340 கிலோமீற்றர்), திருச்சி 936 (சுமார் 480), சென்னை 720 (சுமார் 690). இந்தியாவில் பல மத்திய அலைப் பரப்பிகளை நிறுத்திக்கொண்டு வருகிறார்கள். இவற்றில் ஒன்று ஊமையாகிவிட்டால் அன்றிரவு பலமாகக் கேட்கும் வேறொன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேட்பது இப்படி இருக்கும். முதலில் இரைச்சலின் தொனி மாறும். பொரி குறைந்து காற்று போல ஆகும். பிறகு ஒரு குரல் எட்டிப்பார்த்துவிட்டு ஓடும். அடுத்த பத்து நிமிடத்தில் திரும்பி வந்து உட்காரும். இருட்டு முழுதாக விழுந்ததும் அதன் தோளில் இன்னொரு நிலையம் ஏறிக்கொள்ளும். எந்த நிலையம் எத்தனை மணிக்கு முதலில் எட்டிப்பார்த்தது என்பதே உங்கள் கொப்பியின் தங்கம்.

அலை தெறிக்கும் இடம் உங்கள் தலைக்கு மேலே இல்லை. உங்களுக்கும் நிலையத்துக்கும் நடுவில், மன்னார் வளைகுடாவுக்கோ பாக்கு நீரிணைக்கோ மேலே. இருள வேண்டியது அங்கே. சென்னை நமக்கு நேர் வடக்கு, அதனால் அங்கும் இங்கும் அஸ்தமனம் கிட்டத்தட்ட ஒன்றாக நடக்கும். திருவனந்தபுரம் மேற்கே மூன்றரைப் பாகைக்கு மேல் தள்ளியிருப்பதால் சூரியன் அங்கே பதினைந்து நிமிடம் வரை பிந்தி மறையும். 2006 ஏப்ரலிலிருந்து இரண்டு நாட்டுக் கடிகாரமும் ஒன்றே என்பதால் கணக்குப் போடுவதில் சிக்கல் இல்லை.

படி 5: இரவில் அடையாளம் காணுங்கள்

ரேடியோவைத் தட்டையாக வைத்து மெதுவாகச் சுழற்றுங்கள். ஃபெரைட் கம்பியின் முனை நிலையத்தைச் சுட்டும்போது சத்தம் விழும். கம்பி குறுக்காக நிற்கும்போது ஏறும். சத்தம் விழும் திசையைத் திசைகாட்டியில் பார்த்து எழுதுங்கள். தரை அலைக்கு இது துல்லியமாக வேலை செய்யும். படையில் தெறித்து வரும் வான் அலை சாய்வாகவும் முறுக்கிக்கொண்டும் இறங்குவதால் இரவில் சத்தம் விழும் அந்தக் குழி மழுங்கிப்போய், சில நேரம் இடமும் மாறும். பகலில் கூர்மை, இரவில் மழுக்கம்: வந்தது தரை வழியா வான் வழியா என்று சொல்லும் சாட்சி இதுவே.

சத்தம் ஏறி இறங்குவதைப் பார்த்து ரேடியோ பழுது என்று நினைக்காதீர்கள். ஒரே நிலையத்தின் அலை இரண்டு மூன்று பாதைகளில் வந்து சேர்கிறது. சேர்ந்து தள்ளினால் ஏறும், எதிர்த்துத் தள்ளினால் விழும். படை ஆடிக்கொண்டே இருப்பதால் இதுவும் நிற்காது. அப்பிள்டன் உயரத்தை அளந்ததும் இந்த ஏற்ற இறக்கத்தை வைத்தே: பரப்பியின் அதிர்வெண்ணைச் சிறிது சிறிதாக மாற்றச் சொல்லி, எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று எண்ணினார்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு விஷயம், நாம் பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறோம். திருவனந்தபுரத்துக்குப் பக்கத்துத் தும்பாவில் 1963இல் ரொக்கெட் தளம் அமைத்ததற்கும் அந்தக் கோடுதான் காரணம். இங்கே பூமியின் காந்தப்புலம் படுத்த மாதிரி வடக்கு தெற்காக ஓடுகிறது. நிமிர்ந்த கோபுரத்திலிருந்து கிளம்பும் மத்திய அலை வடக்கு தெற்காக வந்தால் படைக்குள் சுலபமாக நுழைந்து திரும்பும். கிழக்கு மேற்காக வந்தால் கூடுதலாக இழக்கும். இரவுப் பட்டியலைத் திசைவாரியாகப் பிரித்துப் பாருங்கள், வடக்கின் கை ஓங்கியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 6: மலையை அளங்கள்

பண்பலைக்கும் தொலைக்காட்சிக்கும் நேர்ப்பார்வை வேண்டும். 2,524 மீற்றர் உயரப் பீதுருதாலகால உச்சியில் கோபுரம் நிற்பது அதற்காகவே. மலை மறைத்தால் அவை போச்சு. வான் அலைக்குக் கேள்வி வேறு: எந்தக் கோணத்தில் இறங்குகிறது?

பாகைமானி, நூல், ஒரு சிறு கல். பாகைமானியைத் தலைகீழாகப் பிடித்து, மையத்தில் நூலைக் கட்டிக் கல்லைத் தொங்கவிடுங்கள். தட்டையான விளிம்பு வழியாக வடக்கிலுள்ள மலைமுகட்டைப் பாருங்கள். நூல் 90இலிருந்து எத்தனை பாகை விலகி நிற்கிறதோ, அதுவே முகட்டின் ஏற்றக் கோணம். நான் இப்படிப் பார்த்துக்கொண்டு நின்றபோது பக்கத்து வீட்டுக்காரர், "என்ன மாஸ்டர், மலைய விக்கப் போறீங்களா?" என்று கேட்டார்.

100 கிலோமீற்றர் உயரத்தில் தெறிக்கிறது என்று வைத்தால், தூத்துக்குடி அலை சுமார் 29 பாகையில் இறங்கும். திருச்சி சுமார் 21, சென்னை 14 அல்லது 15. ஆயிரம் கிலோமீற்றர் தூரத்து நிலையம் 9 பாகை. இரண்டாயிரம் என்றால் ஒரு பாகை சொச்சம், அதாவது கிட்டத்தட்ட கிடையாக. உங்கள் முகடு 18 பாகை என்றால் தூத்துக்குடியும் திருச்சியும் அதன் தலைக்கு மேலால் குதித்து வந்துவிடும், சென்னை அதில் உரசும். மத்திய அலை நீளமானது, முகட்டில் கொஞ்சம் வளைந்தும் இறங்கும். ஆகவே முழு இருட்டடிப்பு ஆகாது, பலம் குறையும். ஒரு சனிக்கிழமை இரவு அதே ரேடியோவோடு முகட்டுக்கு ஏறி (தனியாக வேண்டாம், சிறுத்தை நடமாடும் இடங்களில் வேண்டவே வேண்டாம்) ஒப்பிட்டுப் பாருங்கள். கிட்டத்து நிலையங்களில் மாற்றம் குறைவாகவும் தூரத்தவற்றில் அதிகமாகவும் இருக்கும். பகலில் மலை தீர்மானித்ததை இரவில் இந்தக் கோணம் தீர்மானிக்கிறது.

படி 7: இன்னும் கீழே இறங்க விரும்பினால்

மத்திய அலைக்குக் கீழே நெட்டலை. நம் பக்கம் அதில் ஒலிபரப்பு இல்லை; விமானங்களுக்கு வழிகாட்டும் சமிக்ஞைகள் உண்டு. ஜேர்மனியிலிருக்கும் மாமா கொண்டு வரும் தானாக நேரம் திருத்தும் கைக்கடிகாரம் கேட்பது 77.5 கிலோஹேர்ட்ஸை. அதன் எல்லை சுமார் 2,000 கிலோமீற்றர் என்பதால் இங்கே வந்ததும் அது சாதாரணக் கடிகாரமாகிவிடும்.

அதற்கும் கீழே, 30 கிலோஹேர்ட்ஸுக்குள், கதையே தலைகீழ். திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணத்தில் இந்தியக் கடற்படையின் கட்டபொம்மன் தளம் நீர்மூழ்கிகளுக்காக 18.2 கிலோஹேர்ட்ஸில் பரப்புகிறது. அலை நீளம் 16 கிலோமீற்றருக்கு மேல். இந்த அலை டி படைக்குள் நுழைந்து சாவதில்லை. அதன் அடிவிளிம்பிலேயே தெறித்து, தரைக்கும் படைக்கும் நடுவே ஒரு குழாய்க்குள் போவது போலப் போகிறது. பகலில் அந்தக் கூரை சுமார் 70 கிலோமீற்றரில் அசையாமல் நிற்கும், சமிக்ஞையும் அசையாது. இரவில் கூரை 85, 90க்கு உயர்ந்து ஆடத் தொடங்கும், சமிக்ஞையும் ஆடும்.

கேட்கும் முறை: ஒரு மீற்றர் மரச்சிலுவையில் எனாமல் பூசிய செம்புக் கம்பியை எழுபது, எண்பது சுற்று சுற்றுங்கள். சிறு பெருக்கி வழியாகப் பற்றரியில் ஓடும் மடிக்கணினியின் மைக் துளைக்குக் கொடுங்கள். விநாடிக்கு 48,000 தடவை மாதிரி எடுக்கும் ஒலி அட்டை 24 கிலோஹேர்ட்ஸ் வரை காட்டும். அலைவரிசையை வரைந்து காட்டும் இலவச மென்பொருள் ஏதாவது போதும். 18.2இல் ஒரு கோடு தெரியும். 19.8இல் இன்னொன்று தெரிந்தால் அது ஆஸ்திரேலியாவின் வடமேற்கு முனையிலிருந்து, ஏறக்குறைய 4,800 கிலோமீற்றர் கடல் தாண்டி வருகிறது. அங்கே நமக்கு முன்பே விடிவதால் பகல் இரவு எல்லை அந்தப் பாதை நெடுக நகர்ந்து வரும். கோட்டின் பலம் அதற்கேற்ப விழுந்து எழும். பகல் நடுவில் திடீரென ஒரு துள்ளல் தெரிந்து மெதுவாக அடங்கினால் சூரியனில் வெடிப்பு நடந்திருக்கலாம்.

அதே கருவியில் இரவு ஒரு சின்னச் சோதனை. தூரத்து மின்னல்கள் பகலில் "டிக்" என்று ஒலிக்கும். இரவில் சில "ட்யூங்" என்று பறவைக் குஞ்சு போல இழுபடும். அந்த இழுவை வரைபடத்தில் சுமார் 1.7 கிலோஹேர்ட்ஸில் போய்ப் படுக்கும். ஒளியின் வேகம் 300,000ஐ 3,400ஆல் (1,700இன் இரு மடங்கு) வகுத்தால் 88. குழாயின் கூரை எத்தனை கிலோமீற்றர் உயரம் என்று வீட்டு முற்றத்திலிருந்தே அளந்துவிட்டீர்கள்.

படி 8: விடியல்

கடைசிப் படி குறுகியது, ஆனால் நாலரைக்கு எழும்ப வேண்டும். அந்தியில் பிடித்த அதே மூன்று நிலையங்களை 5 மணி முதல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுங்கள். முற்றத்தில் இன்னும் இருட்டாக இருக்கும்போதே மேலே 80 கிலோமீற்றரில் வெயில் விழத் தொடங்கிவிடும். ஆகவே உதயத்துக்கு முன்பே குரல்கள் மெலியும்.

மாதத் தெரிவும் முக்கியம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழை மத்திய அலையைப் படபடவென்று நிரப்பிவிடும். ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட இரவுகள் சிறந்தவை. நுவரெலியாப் பக்கம் என்றால் கம்பளிப் போர்வை இல்லாமல் உட்காராதீர்கள். எந்த மாதமானாலும் இடி கேட்கத் தொடங்கியதும் முகட்டில் நிற்காதீர்கள், மரச்சிலுவைச் சுருளையும் வெளியே நீட்டிய கம்பியையும் முன்கூட்டியே கழற்றிவிட்டு வீட்டுக்குள் வந்துவிடுங்கள்.